முதல் சாக்கைத் தேடிப் போடிமெட்டு ஏறினேன்

போன ஐப்பசியில் இரண்டு நாள் போடிநாயக்கனூருக்கும் அதற்கு மேலே உள்ள ஏலமலைக்கும் போய்வந்தேன். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் ஏலக்காயின் பெயர் என்னுடையதுதான் என்று கடல் தாண்டி இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு நிரூபிக்க ஆதாரம் தேடிப் போனேன். இப்படியும் ஒருத்தி பயணம் போவாளா என்று நீங்கள் சிரிக்கலாம். ஆறு மாதம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். வீடு மதுரையில். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம், தோண்டிமலை அருகே பன்னிரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். காய் காயவைக்க அங்கேயே ஒரு ஸ்டோர் உண்டு. தரம் பிரித்துக் கட்ட போடியில் ஒரு கூடம். ஆறு வருடமாக ‘ஏழுசரம்’ என்ற பெயரில் விற்கிறேன். கடைசி மூன்று வருடமாக வளைகுடா நாடு ஒன்றுக்கும் சரக்கு போகிறது. எந்த நாடு என்று எழுதக் கூடாது என்பது எங்கள் வக்கீலம்மாவின் உத்தரவு. அங்கே என் சரக்கை வாங்கிக் கடைகளுக்குப் போடும் ஆளை இந்தக் கட்டுரை முழுக்கப் பங்காளி என்றே சொல்லப்போகிறேன். ஏன் அந்தப் பெயர் என்று நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த நாட்டிலேயே இன்னொரு கடைக்காரர் என்னிடம் நேரடியாக வாங்க விரும்பினார். பேச்செல்லாம் முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை அவரே கூப்பிட்டு, “மேடம், ஏழுசரம் உங்க பேரு இல்லையாமே? இங்க வேற ஒருத்தர் பதிவுக்குப் போட்டிருக்கார், அரசு அறிவிப்புல வந்திருக்கு” என்றார். பார்த்தால் பங்காளி. பெயர், ஏழு பச்சை மணி கோத்த படம், அரபி எழுத்தில் அதே பெயர், எல்லாம் அவர் பெயரில். எதிர்ப்புத் தெரிவிக்க இன்னும் பதினொரு நாள்தான் பாக்கி. விட்டால் அந்த நாட்டில் என் காயை என் பெயரில் நானே விற்க முடியாது. விற்றால் நான்தான் போலி.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் இந்தத் தளத்தை மூடிவிடுவார்கள். ஆனால் வக்கீலம்மா சென்னையிலிருந்து பேசப் பேச, கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பியது. நான் இந்தியாவில் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, அது உலகத்துக்கே செல்லும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். “அது இந்தியாவுக்குள்ள மட்டும்தாங்க. ஒவ்வொரு நாட்டுலயும் தனித்தனியா பதியணும். பெரும்பாலும் முதல்ல மனு போட்டவங்க பக்கம்தான் நிப்பாங்க” என்றார் அவர். பிறகு, “ஒரு வழி இருக்கு. இது உங்க பெயர்னு தெரிஞ்சே அவர் போட்டார்னு காட்டணும். அவருக்குத் தெரியும்ங்கிறதுக்கு என்ன வச்சிருக்கீங்க?” என்று கேட்டார்.

என்ன வைத்திருந்தேன்? லேபிள் படத்தை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அந்த போன் போன வருடம் காய் கழுவும் தொட்டியில் விழுந்து உயிரை விட்டது. பேக்கப் இருந்ததா என்று கேட்காதீர்கள். ஒப்பந்தம் என்று எதுவும் எழுதவில்லை. லேபிள் ஒட்டுவது அவருடைய கிடங்கில்தான் நடந்தது. மிச்சம் இருப்பது போடிக் கூடத்தில் உள்ள மூன்று வருட பில்கள். அவற்றையாவது எடுப்போம் என்று மறுநாளே கிளம்பினேன். காகிதங்கள் நான்கு நாளுக்குள் சென்னை வந்தால்தான் மொழிபெயர்த்து, முத்திரை வாங்கி அனுப்ப முடியும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார்.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் போவது பலருக்கு இன்னும் தெரியவில்லை. காலை எட்டு இருபதுக்குக் கிளம்பியது. தொண்ணூறு கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். உசிலம்பட்டி தாண்டிக் கணவாய்ப் பக்கம் பாறையை வெட்டிப் போட்ட பாதையில் ரயில் போகும்போது வலதுபக்கம் உட்கார்ந்தால் நல்ல காற்று. ஆண்டிபட்டி, தேனி வழியாகப் பத்தரை மணிக்குப் போடி. இறங்கும்போதே மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து கூடத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். தங்கியது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில், எண்ணூற்று ஐம்பது. வெந்நீர் காலை ஆறு மணிக்கு மேல்தான் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கூடத்தில் பில் கட்டுகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பில்லில்கூட ஏழுசரம் என்ற சொல் இல்லை! ‘பச்சை ஏலக்காய், எட்டு எம்எம்’, ‘பச்சை ஏலக்காய், ஏழு எம்எம்’ என்று காயின் பருமன், அவ்வளவுதான். கூடத்துக் கணக்குப் பிள்ளையைக் கேட்டேன். மனிதர் முப்பது வருடமாகப் போடி ஏலக்காய்க் கடைகளில் பில் எழுதுபவர். “அக்கா, ஏலத்துல எவனாச்சும் பேரைக் கேப்பானா? லாட் நம்பரு, காயோட கனம், நெறம். அம்புட்டுத்தானே. காய் நல்லாருந்தா பேரு எதுக்கு?” என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? போடி வியாபாரமே அப்படித்தான் நடக்கிறது. ஏல மையத்தில் சாம்பிள் காயை உள்ளங்கையில் கொட்டி, உருட்டி, ஒன்றைக் கடித்துப் பார்த்து விலை சொல்வார்கள். யார் தோட்டம், என்ன பெயர் என்பதைக் காயே சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. காயை ஏமாற்ற முடியாது என்று இந்த ஊருக்குத் தெரியும். பெயரை ஏமாற்றலாம் என்று தெரியாது. நானும் இந்த ஊரில் தொழில் கற்றவள்தானே, அதே பழக்கத்தில் மூன்று வருடம் கடல் தாண்டி எட்டு எம்எம் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மத்தியானம் ஆகியிருந்தது. அப்போதுதான் செல்லப்பாண்டி அண்ணன் வந்தார். போடி பக்கத்துச் சிலமலைக்காரர். தினமும் காலையில் சிலமலையிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு எங்கள் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனால் என்னை அக்கா என்பார், நான் அவரை அண்ணே என்பேன். இத்தனை வருடத்தில் இருவருமே விட்டுக்கொடுத்ததில்லை.

விஷயத்தைக் கேட்டதும் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். “ஏக்கா, அந்த ஆளு மூணு வருசத்துக்கு முன்னாடி ஆயுத பூசைக்கு மலைக்கு வந்தாருல்ல? அன்னைக்கு மொதச் சாக்குக்கு மார்க்கு அடிச்சது அவருதானே?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படி மறந்தேன்!

எங்கள் ஸ்டோரில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை அன்று ட்ரையருக்கும் ஜீப்புக்கும் மாலை போட்டுவிட்டு, சாக்கில் பெயர் அடிக்கும் தகரத் தகட்டுக்கும் பொட்டு வைப்போம். அன்றைக்கு யார் விருந்தாளியோ அவர் கையில் பிரஷைக் கொடுத்து முதல் சாக்கில் ஏழுசரம் என்று அடிக்கச் சொல்வோம். அடித்தவர் கீழே தன் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். அந்தச் சாக்குக் காய் விற்பனைக்குப் போகாது. வேலை செய்கிறவர்கள் பிரித்துக்கொள்வார்கள். மூன்று வருடம் முன்னால் சரக்கு பேச வந்த பங்காளிக்குத்தான் அந்த மரியாதை கிடைத்தது. சிரித்துக்கொண்டே கருப்பு மையைத் தொட்டு அடித்தார். என் பெயரை, என் ஸ்டோரில், தன் கையால் அடித்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

“போட்டோ இருக்காண்ணே?” என்றேன். “இல்லாமயா!” என்று போனை எடுத்தார். அன்றைய தேதியில் முப்பத்து நான்கு படம். முப்பத்து நான்கும் அவருடைய ஜீப். முன்பக்கம், பின்பக்கம், வாழைக்கன்று கட்டிய பக்கம், மாலை போட்ட கண்ணாடி மட்டும் தனியாக. “வண்டி படத்துல எப்படி விழுந்திருக்கு பாத்தியளா?” என்று வேறு கேட்டார். ஒரே ஒரு படத்தில் பானெட்டுக்குப் பின்னால் பங்காளி குனிந்து நிற்கிறார். முகம் தெளிவு, கையில் பிரஷ் தெளிவு. சாக்கில் உள்ள எழுத்தைக் கண்ணாடியின் சாமந்தி மாலை மறைத்துவிட்டது.

வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். “படம் நல்லாருக்கு. ஆனா அந்தச் சாக்குல என்ன எழுதினார்னு தெரியலையே. சாக்கு கிடைக்குமா?” என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய சணல் சாக்கு! மலையில் சாக்கு என்றால் மிதியடி, எலிக்கு மெத்தை, ஜெனரேட்டருக்குப் போர்வை. இருந்தாலும், “தேடிப் பாப்பம்க்கா. காலைல அஞ்சே முக்காலுக்குச் சிலமலைல எடுப்பேன், ஆறேகாலுக்குப் போடி பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார் அண்ணன்.

மறுநாள் ஆறேகாலுக்கு ஜீப் வந்தது. தனி ஜீப் பிடித்தால் தோட்டம் வரை போய்வர இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் கேட்பார்கள். வேலைக்காரர் ஜீப்பில் போனதால் எனக்குச் செலவில்லை, ஆனால் உட்கார இடமும் இல்லை. பின்னால் பதினொரு பெண்கள், தூக்குவாளிகள். முன்சீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் நடுவே முத்துப்பேச்சி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். சிலமலைக்காரி, ஏறக்குறைய என் வயது. குத்தகை எடுத்த முதல் நாளிலிருந்து எங்களிடம் காய் எடுக்கிறவள். பேச ஆரம்பித்தால் பதினேழு கொண்டை ஊசி வளைவும் போதாது.

அடிவாரத்து முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் தூறலும் தொடங்கியது. போடியிலிருந்து மெட்டு இருபத்தாறு கிலோமீட்டர், இந்த ஜீப்புக்கு ஒரு மணி நேரம். ஆறாவது வளைவுக்கு மேல் கீழே போடி ஊர் முழுக்கத் தெரியும், மழையில்லாத நாளில். எங்களுக்குத் தெரிந்தது முன்னால் போன லோடு வண்டியின் பின்விளக்கு மட்டும். பக்கத்துத் தார்ப்பாய் கிழிந்திருந்ததால் சாரல் நேராக என் முழங்காலில் அடித்தது.

“யக்கா, சேலை நனையுதுல்ல, இந்தாங்க” என்று முத்துப்பேச்சி தன் மடியிலிருந்த மடித்த சாக்கை எடுத்து என் மடியில் போட்டாள். மழைக்குக் காய் எடுக்கும்போது தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்கு. ஈரவாடையும் ஏலவாடையும் சேர்ந்து அடித்தது. எனக்கு அன்று எதைக் கண்டாலும் எரிச்சல். “இது என்ன பேச்சி, குத்துது” என்று முனகினேன். அவள் கண்டுகொள்ளவில்லை. தன் மகள் தேனியில் நர்சிங் சேர்ந்த கதையைப் பதினேழாவது வளைவு வரை சொன்னாள். மெட்டில் செக்போஸ்ட். அதைத் தாண்டிக் கேரளம், அங்கிருந்து ஒன்பது கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை, முதுகுவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஏழே முக்காலுக்கு ஸ்டோர் வந்தது. சாக்கை அவளிடம் கொடுத்தேன். அவள் தூக்குவாளியோடு காட்டுக்குள் போய்விட்டாள்.

நானும் அண்ணனும் ட்ரையர் பார்த்துக்கொள்ளும் பிஜுவும் ஸ்டோரைத் தலைகீழாகப் புரட்டினோம். விறகுக் கொட்டகை, உரம் வைக்கும் அறை, ஜெனரேட்டர் அடி, தட்டுகளுக்குப் பின்னால். நாற்பத்திரண்டு பழைய சாக்கு வெளியே வந்தது. அதில் ஏழுசரம் அடித்தவை பத்தொன்பது. கையெழுத்துப் போட்டது ஒன்றுகூட இல்லை. ஒரு சாக்கை விரித்தபோது எலிக் குடும்பம் ஒன்று குதித்து ஓடியது, அண்ணன் அதைவிட வேகமாக ஓடினார். “சேச்சி, ஆ சாக்கு எப்பவோ போயிட்டுண்டாவும்” என்று, அது எப்போதோ போயிருக்கும் எனத் தன் மலையாளத் தமிழில் கையை விரித்தான் பிஜு. பன்னிரண்டு மணிக்கு மழை வலுத்தது. தும்மித் தும்மி மூக்கு சிவந்து, சாக்குக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். ஆறு வருடம் நாய் மாதிரி அலைந்து உண்டாக்கிய பெயர். அதை ஒருவன் ஒரு மனுவில் எடுத்துக்கொண்டு போகிறான், என் பக்கம் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுக்காகப் பெண்கள் ஸ்டோருக்குள் ஓடிவந்தார்கள். தலையிலிருந்த சாக்குகளை உதறி, ட்ரையர் சூட்டில் காயட்டும் என்று கம்பிக் கொடியில் போட்டார்கள். முத்துப்பேச்சி தன் சாக்கை இழுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட்டாள்.

கருப்பு மையில் ஏழுசரம். ஏழு மணி கோத்த படம். கீழே கோணலாகப் பங்காளியின் கையெழுத்து. அதற்கும் கீழே தேதி.

“ஏ பேச்சி!” என்று நான் போட்ட சத்தத்தில் பிஜு ட்ரையரை அணைத்துவிட்டான். மலை ஏறிய பாதை முழுக்க அந்தச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு, குத்துகிறது என்று முனகிக்கொண்டு வந்திருக்கிறேன்!

“இத ஏன் உள்ளுக்க திருப்பி வச்சுருக்க?” என்றேன்.

“வேற என்னக்கா பண்ண? எழுத்து வெளிய தெரிஞ்சா செக்போஸ்ட்டுல, கம்பெனிச் சாக்கு, உள்ள காயி இருக்கான்னு வண்டியவே எறக்கிச் சோதிப்பாக. எல்லாத்துக்கும் சோலி கெடும். அதான் திருப்பிக்கிட்டேன்.” அப்படித் திருப்பிப் போட்டதால்தான் வெயிலும் மழையும் படாமல் மூன்று வருடம் அந்த மை அப்படியே இருந்திருக்கிறது.

வக்கீலம்மாவை வீடியோவில் பிடித்தோம். மேட்டுக்குப் போய் நின்றால்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். மழையில் அண்ணன் குடை பிடிக்க, பிஜு போன் பிடிக்க, பேச்சி சாக்கை விரித்துக் காட்டினாள். “தொடாதீங்க, துவைக்காதீங்க, அப்படியே கொண்டு வாங்க” என்றார் வக்கீலம்மா. பிறகு பேச்சியிடம், “இந்தச் சாக்கு உங்ககிட்ட எப்படி வந்துச்சு? இது அந்த முதல் சாக்குதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார்.

“காயப் பிரிச்சம்ல, வெறுஞ்சாக்க நான் கேட்டு வாங்கிக்கிட்டேன். பேரு வச்சவளுக்குச் சாக்கு கூடவா தர மாட்டாக?” என்றாள் பேச்சி.

“நீங்களா பேர் வச்சீங்க?”

“ஆமா. மொத வருசம் இந்தக்கா என்ன பேரு வைக்க, என்ன பேரு வைக்கன்னு காடு பூரா கேட்டுக்கிட்டுத் திரிஞ்சாக. நான் ஒரு செடித் தூருல காயி எடுத்துக்கிட்டிருந்தேன். ஏழு சரம் விட்டிருந்துச்சு. ஏழுசரம்னு வையிங்கன்னேன். வச்சுட்டாக.”

நான் குடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். முகம் நனைந்தது நல்லதாகப் போயிற்று. எங்கள் இணையதளத்தில் அந்தப் பெயர் வந்த கதையை நானே எழுதியிருக்கிறேன்: ‘நீண்ட ஆலோசனைக்குப் பின் எங்கள் குடும்பம் தேர்ந்தெடுத்த பெயர்.’ ஆறு வருடமாக அப்படியே கிடக்கிறது. பேச்சி அதைப் படித்திருக்க மாட்டாள் என்ற தைரியமா, அல்லது எனக்கே மறந்துபோனதா? இரண்டும்தான். பேச்சி இதைக் குறையாகச் சொல்லவும் இல்லை. கேட்டார்கள், பதில் சொன்னாள். அவளுக்குப் பசி.

சட்டப்படி பெயரை முதலில் வாயால் சொன்னவருக்கு உரிமை இல்லை, அதை வைத்து வியாபாரம் செய்தவருக்குத்தான் என்று வக்கீலம்மா சொன்னார். பேச்சியின் சாட்சி எனக்கு இன்னும் பலம்தான் என்றார். பெயர் பிறந்த காட்டையும் நாளையும் சொல்லக்கூடிய ஆள் பங்காளியிடம் இல்லை. சட்டம் அப்படி இருக்கட்டும். நான் பேச்சியிடம் போய், “தப்பு பண்ணிட்டேன் பேச்சி, உம்பேரை எங்கயும் போடல” என்றேன். அவள், “அதுக்கென்ன இப்ப? மொத சோறு திங்க விடுங்க” என்றாள்.

மூன்று மணிக்கு அண்ணன் எங்களை இறக்கினார். வாடகை கேட்டதற்கு, “ஜீப்பு கோர்ட்டுக்கே போகுது, எனக்கு அது போதும்” என்றார். ஐந்து மணிக்குப் போடியில் நோட்டரி அலுவலகம். பேச்சியின் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக்காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். ஒரு பிரமாணத்துக்கு முந்நூறு ரூபாய். செல்லப்பாண்டி அண்ணனின் போனிலிருந்த மூலப் படத்தையும் தேதி விவரத்தோடு எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் இரவு சாக்கு சென்னையில் இருந்தது. எதிர்ப்பு மனு ஒன்பதாம் நாள் அங்கே தாக்கலானது.

இனி, வெளிநாட்டில் வியாபாரம் தொடங்கும் எண்ணத்தோடு இதைப் படிப்பவர்களுக்கு. என் பிழைகளைத்தான் பாடமாகச் சொல்ல முடியும். முதல் சாம்பிள் போவதற்கு முன்னால் அந்த நாட்டில் பெயரைப் பதிய மனு போடுங்கள். இங்கே மனு போட்ட ஆறு மாதத்துக்குள் அங்கேயும் போட்டால், பெரும்பாலான நாடுகளில் இங்கே போட்ட தேதியையே கணக்கில் எடுப்பார்கள். பல நாடுகளுக்குச் சேர்த்து இங்கிருந்தே ஒரே மனுவாகப் போடும் வழியும் இருக்கிறது, எல்லா நாடும் அதில் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் எழுத்தில் உங்கள் பெயர் எப்படி வருமோ அதையும் சேர்த்துப் பதியுங்கள். வாங்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ‘பெயரும் படமும் எங்களுடையது, நீங்கள் பதியக் கூடாது’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நல்லவர் என்றால் சிரித்துக்கொண்டே போடுவார். பில்லில் எட்டு எம்எம் மட்டும் எழுதாதீர்கள், பெயரை எழுதுங்கள். எங்கள் கணக்குப் பிள்ளை இப்போது டீ வாங்கிய ரசீதில்கூட ஏழுசரம் என்று எழுதுகிறார். போனைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். நான் வக்கீல் இல்லை, இவையெல்லாம் பட்டு அறிந்தவை மட்டும். உங்கள் சரக்குக்கு ஏற்ற ஆலோசனையைக் காசு கொடுத்து ஒருவரிடம் கேளுங்கள். பின்னால் ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் பெயர் எங்கே பிறந்தது, யார் வாயில் பிறந்தது என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். அது வழக்குக்கு உதவும். வழக்கே வராவிட்டாலும் எழுதி வையுங்கள்.

மூன்று மாதம் கழித்துப் பங்காளி தன் மனுவைத் தானாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். சாக்கின் படத்தைப் பார்த்த பிறகு அவர் தரப்பில் பதிலே வரவில்லை என்றார் வக்கீலம்மா. இப்போது அந்த நாட்டில் ஏழுசரம் என் பெயரில் பதிவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. புதிய கடைக்காரருக்கு முதல் சரக்கும் போய்விட்டது. வக்கீலம்மா, அண்ணன், மழையில் போன் பிடித்த பிஜு, மூன்று வருடம் ஒரு சாக்கை எலிக்குக் கொடுக்காமல் தலையில் வைத்திருந்த முத்துப்பேச்சி, இவர்களை நினைக்காமல் நான் ஒரு டப்பாவும் மூடுவதில்லை. எப்படி நன்றி சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மறுபடி மலை ஏறினேன். வழக்கு முடிந்து சென்னையிலிருந்து சாக்கு திரும்பி வந்திருந்தது. மூலையில் சான்றாவண எண் எழுதிய அட்டை தொங்கியது. நல்ல மழைக்கோட்டு ஒன்றும் வாங்கிப் போயிருந்தேன். பேச்சி கோட்டை வாங்கி மகளுக்கு ஆகும் என்று மடித்து வைத்தாள். அட்டையைப் பல்லால் கடித்துப் பிய்த்துப் போட்டுவிட்டு, சாக்கைத் திருப்பித் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

புதிய டப்பாவைக் காட்டினேன். பின்பக்கம் அச்சாகியிருந்தது: ‘இந்தப் பெயரை வைத்தவர் முத்துப்பேச்சி, சிலமலை.’ இணையதளத்திலும் மாற்றிவிட்டேன். இதற்கு மேல் அவளுக்கு நான் செய்ததும் செய்யப்போவதும் எங்கள் இருவருக்குள் இருக்கட்டும். அவள் எழுத்தின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கூட்டிப் படித்தாள். முகம் மலர்ந்தது. அடுத்த நிமிடமே டப்பாவை என் கையில் திணித்தாள்.

“இதுவும் கப்பல்ல அந்த ஊருக்குப் போகுமா?”

“போகும் பேச்சி.”

“அப்ப வெரசா போயி எம்பேரையும் பதிஞ்சுட்டு வாங்க. எவனாச்சும் முந்திக்கிருவான்.”